மடைமாற்றமும் குழாயும்

நுழையும்முன்

ஏரியிலிருந்து வரும் நீர் ஒன்றே. அந்நீர் எந்த வயலுக்குப் பாய வேண்டும் என்பதை மடையே முடிவு செய்கிறது. மடையை அடைத்துத் திறக்கத் தெரிந்தவர் நீரின் போக்கைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். கவனமின்றித் திறந்தவரோ விளைந்த பயிரையும் இழப்பார். கணினியின் கட்டளை வரியில் எழுத்துகளும் இவ்வாறே ஓடுகின்றன. அவ்வோட்டத்தின் வழியை மாற்றும் முறையையும், சிறு நிரல்கள் பலவற்றை இணைத்துப் பெரும் பணி ஒன்றை முடிக்கும் முறையையும், தமிழ் உரையைக் கையாளும்போது அம்முறை சந்திக்கும் இடர்களையும் இப்பாடம் விளக்குகிறது.

மூன்று வழிகள்

சுட்டியைக் கொண்டு படங்களைச் சொடுக்கிக் கணினியை இயக்குவது இன்று பெருவழக்கு. விசைப்பலகையில் கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் முறை அதனினும் பழமையானது. யூனிக்ஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில் கட்டளையைப் பெற்றுப் பொருள் உணர்ந்து நிறைவேற்றும் நிரல் 'ஷெல்' எனப்படும்.

ஷெல் ஒரு நிரலைத் தொடங்கும்போது அதற்கு மூன்று வழிகளைத் திறந்து வைக்கிறது. முதலாவது, நிரலுக்குத் தரவு வந்து சேரும் செந்தர உள்ளீடு. இரண்டாவது, நிரல் தன் விடையை வெளியிடும் செந்தர வெளியீடு. மூன்றாவது, பிழைச் செய்திகளை வெளியிடும் செந்தரப் பிழைவழி. இவை முறையே 0, 1, 2 என எண்ணிடப்பட்டுள்ளன. வேறு ஏற்பாடு இல்லாதபோது உள்ளீடு விசைப்பலகையிலிருந்து வரும். வெளியீடும் பிழைச் செய்தியும் திரைக்குச் செல்லும்.

நிரல் தன் விடையை 1 என்னும் வழியில் எழுதுகிறது; அவ்வளவே அதன் கடமை. அவ்வழியின் மறுமுனையில் இருப்பது திரையா, கோப்பா, மற்றொரு நிரலா என்பதைப் பெரும்பாலான நிரல்கள் அறிய வேண்டியதில்லை. இந்த அறியாமையே இம்முறையின் வலிமை. வழியை மாற்றும் பொறுப்பு ஷெல்லினுடையது ஆதலால், நிரலில் ஓர் எழுத்தையும் திருத்தாமல் அதன் விடையை வேண்டிய இடத்திற்கு அனுப்பலாம்.

(இப்பாடத்தில் கட்டளைப் பெயர்கள் ஒலிப்பு முறையில் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்தல் வேண்டும். கோப்புகளின் பெயர்களைத் தமிழிலேயே இடலாம்.)

மடைமாற்றக் குறிகள்

பள்ளி நூலகம் ஒன்றில் மாணவர் இரவல் பெற்ற நூல்களின் வகை, வரிக்கு ஒன்றாக 'இரவல்' என்னும் கோப்பில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதனை அகரவரிசையில் அமைத்து 'வரிசை' என்னும் கோப்பில் சேமிக்க வேண்டின் கட்டளை பின்வருமாறு அமையும்.

சார்ட் < இரவல் > வரிசை

இங்கு < என்னும் குறி உள்ளீட்டை விசைப்பலகையிலிருந்து விலக்கி, 'இரவல்' கோப்பிலிருந்து வருமாறு செய்கிறது. > என்னும் குறி வெளியீட்டைத் திரையிலிருந்து விலக்கி, 'வரிசை' கோப்பிற்குள் செலுத்துகிறது. 'சார்ட்' என்பது வரிகளை வரிசைப்படுத்தும் நிரல்.

'வரிசை' என்னும் கோப்பு முன்னரே இருந்தால் என்னாகும்? அதில் இருந்தவை அனைத்தும் அழிந்து, புதிய விடை மட்டும் எஞ்சும். இவ்வாறு அழிக்கப்பட்டவை குப்பைத் தொட்டிக்குச் செல்வதில்லை. மீட்பதற்கு எளிய வழியும் இல்லை. பழையவற்றின் இறுதியில் புதியவற்றைச் சேர்க்க வேண்டுமாயின் >> என்னும் இரட்டைக் குறியை இடுதல் வேண்டும். ஒரு குறிக்கும் இரு குறிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஓராண்டுப் பதிவேடு இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் இடையே உள்ள வேறுபாடாகும்.

இதனினும் நுட்பமான பிழை ஒன்று உண்டு.

சார்ட் < இரவல் > இரவல்

கோப்பை வரிசைப்படுத்தி அதே கோப்பில் சேமிக்கும் நோக்கத்துடன் புதியவர்கள் இவ்வாறு எழுதுவர். விளைவோ வெற்றுக் கோப்பு. காரணம் இதுதான்: நிரலைத் தொடங்கும் முன்பே ஷெல் வழிகளை ஆயத்தம் செய்கிறது. > குறியைக் கண்டதும் 'இரவல்' கோப்பைத் திறந்து அதனை வெறுமையாக்குகிறது. அதன் பின்னரே 'சார்ட்' படிக்கத் தொடங்குகிறது. அப்போது படிப்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே விடையை முதலில் வேறொரு கோப்பில் சேமித்து, சரிபார்த்த பின்னர் பெயர் மாற்றுவதே நன்முறை. 'நோக்ளாபர்' என்னும் அமைப்பை ஷெல்லில் இயக்கி வைத்தால், முன்னரே உள்ள கோப்பின்மீது > குறி எழுத முற்படும்போது ஷெல் மறுத்துவிடும்.

பிழைக்குத் தனிவழி ஏன்?

விடையும் பிழைச் செய்தியும் ஒரே வழியில் சென்றால் என்ன என்னும் வினா எழலாம். யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் தொடக்கத்தில் பிழைக்கெனத் தனிவழி இல்லை. அங்கு ஆவணங்களை ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்திற்கு அனுப்பிச் சிறப்புத் தாளில் அச்சிட்டனர். தாளை எடுத்துப் பார்த்தால், ஆவணத்திற்கு மாற்றாக, கோப்பைத் திறக்க இயலவில்லை என்னும் ஒற்றை வரி அழகிய எழுத்தில் அச்சாகியிருக்கும். இத்தகைய பட்டறிவிற்குப் பின்னரே 1970களில் பிழைச் செய்திகளுக்குத் தனிவழி ஏற்படுத்தப்பட்டது.

இரண்டு மாதப் பதிவேடுகளை இணைக்கும் கட்டளையைக் காண்க.

கேட் சூன் சூலை > இருமாதம்

'கேட்' என்பது கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடும் நிரல். 'சூலை' என்னும் கோப்பு இல்லையெனில், 'சூன்' கோப்பில் உள்ளவை மட்டும் 'இருமாதம்' கோப்பில் சேரும். சூலை கிடைக்கவில்லை என்னும் செய்தி திரையில் தோன்றும். பிழைக்குத் தனிவழி இருப்பதனால் பதிவேட்டிற்குள் வேண்டாத வரி நுழையவில்லை. பயன்படுத்துபவரும் குறையை உடனே அறிந்துகொள்கிறார்.

பிழைச் செய்திகளைத் தனிக் கோப்பில் சேமிக்க வேண்டின் 2> என்னும் குறி பயன்படும்.

கேட் சூன் சூலை > இருமாதம் 2> குறைகள்

தன்னிடம் வரும் அனைத்தையும் விழுங்கிவிடும் 'நல்' என்னும் போலிக் கருவி ஒன்றும் இயங்குதளத்தில் உண்டு. பிழைச் செய்திகளை அதனுள் செலுத்தினால் திரை தூய்மையாக இருக்கும். ஆனால் செய்தி மறைவதனால் பிழை மறைவதில்லை. ஒரு மாதக் கணக்கு விடுபட்ட பதிவேட்டை முழுமையானது என நம்பிப் பயன்படுத்தும் நிலையே ஏற்படும்.

குழாய் தோன்றிய வரலாறு

ஒரு நிரலின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, அக்கோப்பை மற்றொரு நிரலுக்கு உள்ளீடாகத் தரலாம். பணி நான்கு கட்டங்களைக் கொண்டதாயின் இடையில் மூன்று தற்காலிகக் கோப்புகள் தேவைப்படும். பணி முடிந்தபின் அவற்றை நினைவாக நீக்கவும் வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டக்ளஸ் மெக்கில்ராய் 1964ஆம் ஆண்டில் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழலுடன் வேண்டியபோது மற்றொரு துண்டைத் திருகி இணைப்பதுபோல, நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்பது அதன் கருத்து. அப்போது யூனிக்ஸ் தோன்றியிருக்கவில்லை. பின்னர் அதே ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸை உருவாக்கினர். மெக்கில்ராய் தம் கருத்தைத் தொடர்ந்து வலியுறுத்திவந்தார். 1973ஆம் ஆண்டில் ஓர் இரவில் கென் தாம்ப்சன் குழாயை இயங்குதளத்தில் அமைத்தார். குழாயில் பொருந்தும் வகையில் பல நிரல்களையும் திருத்தினார். மறுநாள் ஆய்வகத்தினர் ஒற்றை வரிக் கட்டளைகளை ஒருவர் மாற்றி ஒருவர் எழுதி மகிழ்ந்தனர். தொடக்கத்தில் கோணக் குறியே குழாய்க்கும் பயன்பட்டது. அது குழப்பம் தந்ததால் பின்னர் | என்னும் நெடுக்குக் கோடு குழாய்க்கு உரியதாயிற்று.

ஒரு கருத்து தோன்றுவதற்கும் நிறைவேறுவதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கடந்தன. கருத்தைத் தந்தவர் ஒருவர், செயலாக்கியவர் மற்றொருவர். இருவர் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன.

குழாய் இயங்கும் முறை

நூலகப் பதிவேட்டிற்கு மீள்வோம். 'இரவல்' கோப்பில் ஏழு வரிகள் உள்ளன: கதை, வரலாறு, கதை, கவிதை, வரலாறு, கதை, அறிவியல். மாணவர் மிகுதியாக விரும்பும் இரு வகைகளை அறிய வேண்டும்.

சார்ட் இரவல் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட் -என் 2

முதல் நிரல் வரிகளை அகரவரிசையில் அமைக்கிறது. அறிவியல், கதை, கதை, கதை, கவிதை, வரலாறு, வரலாறு என்னும் ஒழுங்கு கிடைக்கிறது.

இரண்டாம் நிரலாகிய 'யூனிக்', அடுத்தடுத்து வரும் ஒரே வகை வரிகளை ஒன்றாக்குகிறது; 'சி' என்னும் விருப்பக்குறி அவற்றின் எண்ணிக்கையை முன்னால் இடுகிறது. 1 அறிவியல், 3 கதை, 1 கவிதை, 2 வரலாறு எனப் பட்டியல் மாறுகிறது.

மூன்றாம் நிரல் எண்ணின் அளவைக் கொண்டு இறங்குவரிசையில் அமைக்கிறது. நான்காம் நிரல் முதல் இரண்டு வரிகளை மட்டும் வெளியிடுகிறது. 3 கதை, 2 வரலாறு என்பது விடை.

முதல் நிரலை விட்டுவிட்டால் விடை பிழையாகும். மூலக் கோப்பில் 'கதை' மூன்று முறை வந்தாலும் அடுத்தடுத்து வரவில்லை. 'யூனிக்' அண்டை வரிகளை மட்டுமே ஒப்பிடும். எனவே ஏழு வரிகளுக்கும் எண்ணிக்கை ஒன்று என்றே கிடைக்கும். இங்குப் பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். கணினி கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியது. கட்டளை இட்டவரே பிழை செய்தார். ஏழு வரிகளில் இதனைக் கண்ணால் காணலாம். ஏழாயிரம் வரிகளில் காண இயலாது. ஆதலால் சிறு தரவில் விடையைக் கையால் கணக்கிட்டுச் சரிபார்த்த பின்னரே பெருந்தரவில் குழாய்த்தொடரை இயக்குதல் வேண்டும்.

குழாயால் இணைந்த நிரல்கள் ஒன்று முடிந்தபின் ஒன்று தொடங்குவனவல்ல; யாவும் ஒரே காலத்தில் இயங்குகின்றன. இரண்டிற்கும் நடுவே இயங்குதளம் சிறு இடைத்தேக்கம் ஒன்றை வைக்கிறது. லினக்ஸில் அதன் வழக்கமான அளவு 65,536 பைட்டுகள். தேக்கம் நிரம்பினால் எழுதும் நிரல் காத்திருக்கும். வறண்டால் படிக்கும் நிரல் காத்திருக்கும். எனவே நினைவகத்தில் அடங்காத பெரிய கோப்பும் சிறு குழாய் வழியே பாய்ந்துவிடும். எனினும் 'சார்ட்' போன்ற நிரல் கடைசி வரி வரும்வரை விடை தர இயலாது. கடைசி வரியே வரிசையில் முதலாவதாக அமையக்கூடும் அன்றோ! 1983ஆம் ஆண்டு வெளிவந்த எம்எஸ்-டாஸ் 2.0 இயங்குதளத்திலும் குழாய்க் குறி இருந்தது. அவ்வியங்குதளம் ஒரு நேரத்தில் ஒரு நிரலையே இயக்க வல்லது. ஆகவே முதல் நிரலின் வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பில் வைத்து, அது முடிந்தபின்பே அடுத்ததற்கு அளித்தது. குறி ஒன்றாயினும் இயக்கம் வேறு.

தெரிந்து தெளிவோம்

குழாய் வழியே ஓடுவதைக் கோப்பில் ஒரு படியாகச் சேமித்துக்கொண்டே அடுத்த நிரலுக்கும் அனுப்பும் நிரல் 'டீ' எனப்படும். ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஆங்கில 'டி' எழுத்து வடிவ இணைப்பின் பெயரால் இஃது அமைந்தது. நீண்ட குழாய்த்தொடரில் பிழை எக்கட்டத்தில் நேர்ந்தது என அறிய இது துணைசெய்யும்.

ஆறு கட்டளைகள்

1986ஆம் ஆண்டில் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' என்னும் இதழில் ஜான் பென்ட்லி எழுதிவந்த பகுதியில் ஒரு சிக்கல் முன்வைக்கப்பட்டது. ஓர் உரையில் மிகுதியாக வரும் சொற்களை அவற்றின் எண்ணிக்கையுடன் பட்டியலிட வேண்டும். புகழ்பெற்ற கணினி அறிஞர் டொனால்டு குனுத், நிரலையும் விளக்கத்தையும் ஒருங்கே எழுதும் தம் முறையை எடுத்துக்காட்டும் பொருட்டுப் பல பக்கங்களில் நிரல் ஒன்றை வரைந்தார். அதனைத் திறனாய்ந்த மெக்கில்ராய், நிரலின் நேர்த்தியைப் பாராட்டினார். அதனுடன், குழாயால் இணைந்த ஆறு கட்டளைகளால் அதே பணியை முடித்தும் காட்டினார்.

அவ்வாறும் இவை: எழுத்தல்லாதவற்றை வரிமுறிவாக மாற்றி வரிக்கு ஒரு சொல்லாக்குதல், பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்குதல், வரிசைப்படுத்துதல், எண்ணுதல், எண்ணிக்கையால் வரிசைப்படுத்துதல், வேண்டிய அளவில் நிறுத்துதல். அப்பணிக்கெனப் புதிதாக எந்த நிரலும் எழுதப்படவில்லை. வெவ்வேறு தேவைகளுக்காக முன்னரே உருவான கருவிகள் புதிய பணி ஒன்றிற்காகக் கைகோத்தன.

குழாயும் தமிழும்

மெக்கில்ராயின் ஆறு கட்டளைகளைத் தமிழ்க் கட்டுரை ஒன்றின்மீது அப்படியே இயக்கினால் ஒரு தமிழ்ச்சொல்கூடக் கிடைக்காது. முதற்கட்டளை, ஆங்கில எழுத்து அல்லாத அனைத்தையும் வரிமுறிவாக மாற்றுகிறது. அதன் கண்ணில் தமிழ் எழுத்துகள் எழுத்துகளே அல்ல! குழாயில் குறை இல்லை. குழாய் பைட்டுகளைச் சுமக்கிறது, மொழியை அறியாது. எது எழுத்து என்பதை முடிவு செய்த கட்டளையிலேயே குறை உள்ளது.

இதனைத் திருத்துவது எளிது. இடைவெளியை வரிமுறிவாக மாற்றி, நிறுத்தக்குறிகளை நீக்கும் கட்டளையை முதலில் இட்டால் தமிழ்ச்சொற்கள் தனித்தனி வரிகளில் நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லாமையால் இரண்டாம் கட்டளையே வேண்டுவதில்லை.

அகரவரிசையிலும் கவனம் தேவை. மொழிச்சூழல் அமைக்கப்படாதபோது 'சார்ட்' ஒருங்குறி எண்களின் வரிசையையே பின்பற்றும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் எண் பெற்றுள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் இறுதியில் நிற்பன. எனவே நெடுங்கணக்குப்படி அமுது, அவல், அறம், அனல் என வர வேண்டிய சொற்கள், எண் வரிசையில் அனல், அமுது, அறம், அவல் என வந்துவிடும். அகராதி தொகுப்போர்க்கும் பெயர்ப்பட்டியல் அமைப்போர்க்கும் இது சிறு குறையன்று.

எழுத்தெண்ணிக்கையும் அவ்வாறே. 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன என்பதை நாம் அறிவோம். 'டபிள்யூசி' என்னும் எண்ணும் நிரலோ, வரிமுடிவை விலக்கிப் பார்த்தால், அதனை 15 பைட்டுகள் என்றோ 5 குறியீடுகள் என்றோ கூறும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஒருங்குறி அச்சொல்லை ஐந்தாகப் பிரித்து வைத்திருப்பதும், ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளில் அடங்குவதுமே காரணம்.

மற்றொரு தேவையும் உண்டு. மரம், மரத்தை, மரத்தால் என்பனவற்றைக் குழாய்த்தொடர் மூன்று வெவ்வேறு சொற்களாகவே எண்ணும். வேற்றுமை உருபையும் சாரியையையும் பிரித்து வேர்ச்சொல்லைத் தரும் நிரல் ஒன்று நடுவே இணைந்தால்தான் எண்ணிக்கை பொருளுடையதாகும். அத்தகைய நிரலை எழுதுவதற்குக் கணினி அறிவு மட்டும் போதாது. புணர்ச்சி விதிகளும் பகுபத உறுப்பிலக்கணமும் தெரிந்திருத்தல் வேண்டும். அதனை எழுதுபவர் முழு மென்பொருளையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. வரியைப் பெற்று, பிரித்து, வரியாகத் தருமாறு ஒரு துண்டை அமைத்தால் போதும். ஏனைய துண்டுகள் ஆயத்தமாக உள்ளன. வகுப்பறையில் கற்கும் இலக்கணத்திற்கு அக்குழாய்த்தொடரில் ஓர் இடம் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. பாடநூலின் ஒரு பத்தியைக் கோப்பாகத் தட்டச்சு செய்து, அதில் மிகுதியாக வரும் ஐந்து சொற்களைக் குழாய்த்தொடரால் கண்டறிக. கையால் எண்ணிச் சரிபார்க்க.
2. உங்கள் வகுப்பு மாணவர் பெயர்களைக் கணினி தரும் வரிசையையும் நெடுங்கணக்கு வரிசையையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைப் பட்டியலிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. 'சார்ட் < பட்டியல் > பட்டியல்' என்னும் கட்டளைக்குப் பின் 'பட்டியல்' கோப்பு
அ) வரிசைப்படும் ஆ) மாறாது ஆ) இருமடங்காகும் ஈ) வெறுமையாகும்
2. பழைய உள்ளடக்கம் அழியாமல் இறுதியில் சேர்க்கும் குறி
அ) < ஆ) > இ) >> ஈ) |

குறுவினா
1. செந்தர வழிகள் மூன்றனையும் அவற்றின் எண்களுடன் எழுதுக.
2. 'யூனிக்' நிரலுக்கு முன் 'சார்ட்' நிரல் தேவைப்படுவது ஏன்?

சிறுவினா
1. பிழைச் செய்திக்குத் தனிவழி தோன்றிய சூழலை விளக்குக.
2. யூனிக்ஸ் குழாயும் எம்எஸ்-டாஸ் குழாயும் இயங்கும் முறையில் வேறுபடுமாற்றை எழுதுக.

நெடுவினா
ஆங்கில உரைக்கென அமைந்த கருவிகளைத் தமிழ் உரைக்குப் பயன்படுத்தும்போது நேரும் இடர்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் தொகுத்து எழுதுக.